நாற்காலி வாங்கும் முன் காலை அளந்து பாருங்கள்

முதுகு வலி என்று போனில் நேரம் கேட்பவர்களிடம் ஒரு வேலை சொல்வேன். வரும்போது ஒரு போட்டோ கொண்டு வாருங்கள். வீட்டில் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாக எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து, பக்கவாட்டில் இருந்து யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். தலையும் தெரிய வேண்டும், பாதமும் தெரிய வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்து வரலாம். போட்டோ மட்டும் கட்டாயம்.

சென்னை வேளச்சேரியில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். ஓ.எம்.ஆர். பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். 2020இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது கையில் லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். நாற்காலி அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் வந்த போட்டோக்களில் டைனிங் டேபிள், பிளாஸ்டிக் நாற்காலி, கட்டில் மேல் தலையணை, இஸ்திரி மேஜை என்று எல்லாம் இருக்கும். இப்போது வரும் போட்டோக்கள் வேறு மாதிரி. பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய சுழல் நாற்காலி நடுவில் நிற்கிறது. பிள்ளைகள் அறையில் சிவப்பும் கருப்புமாக கேமிங் சேர் நிற்கிறது. காசு செலவழித்துவிட்டார்கள், வலி போகவில்லை. "நல்ல சேர்தான் மேடம், ஆன்லைன்ல நாலரை ஸ்டார்" என்பார்கள்.

போட்டோவில் நான் முதலில் பார்ப்பது பாதத்தை. முதுகு வலிக்கு வந்தவரின் பாதத்தை ஏன் பார்க்கிறேன் என்று அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பாதி பேருடைய குதிகால் தரையைத் தொடுவதில்லை. விரல் நுனியில் ஊன்றியிருக்கும், அல்லது நாற்காலியின் ஐந்து கால் சட்டத்தின் மேல் ஏறி நிற்கும், அல்லது ஒரு காலை மடித்து மேலே வைத்திருப்பார்கள். பாதம் ஊன்றவில்லை என்றால் உடம்பு நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்து வந்துவிடும். முன்னால் நகர்ந்துவிட்டால் முதுகுச் சாய்வு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது சும்மா பின்னால் நிற்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழங்காலின் பின்மடிப்பில் இருந்து தரை வரை உள்ள உயரம், தோராயமாக ஒருவருடைய மொத்த உயரத்தில் கால் பங்கு. ஐந்தடி உயரமுள்ள பெண் என்றால் 152 செ.மீ. அவருடைய கால் உயரம் சுமார் 38 செ.மீ. இருக்கும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான சுழல் நாற்காலிகளை முழுக்கக் கீழே இறக்கினாலும் இருக்கை 43, 45 செ.மீ.க்குக் கீழே வருவதில்லை. அதாவது, தொடங்கும்போதே அவருக்கு ஐந்து முதல் ஏழு செ.மீ. உயரம் அதிகம். மேல்நாட்டு அளவுகளில் செருப்பு, ஷூவின் உயரத்துக்கென்று இரண்டரை செ.மீ. அளவுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருக்கிறவர்கள். அந்த இரண்டரை செ.மீ.யும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது.

இனி மேஜைக்கு வாருங்கள். நம் வீடுகளில் டைனிங் டேபிளும் சரி, எழுதும் மேஜையும் சரி, 75 செ.மீ. உயரம். உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், முழங்கை இருக்கையில் இருந்து 20 முதல் 22 செ.மீ. மேலே இருக்கும். பாதம் நன்றாக ஊன்ற, இருக்கை 38 செ.மீ.யில் இருந்தால் அந்தப் பெண்ணின் முழங்கை சுமார் 60 செ.மீ.யில். கீபோர்டு இருப்பதோ 75 செ.மீ.யில். பதினைந்து செ.மீ. ஏற்றிப் பிடித்துத்தான் நாள் முழுக்கத் தட்டச்சு செய்ய வேண்டும். அதனால்தான் மாலையில் தோளும் கழுத்துப் பட்டையும் கல்லாக இறுகிவிடுகின்றன. கைக்காக நாற்காலியை உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்குகிறது. தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தி, கால் மரத்துப்போகிறது, பாதம் வீங்குகிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மேஜைக்கு அடியில் இழுத்துத் தள்ளும் கீபோர்டு தட்டு பொருத்தி, கையைக் கீழே கொண்டு வரலாம். தொடை இடிக்காத அளவு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நாற்காலியை முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை உயர்த்திவிட்டு, காலுக்குக் கீழே உயரம் கொடுக்க வேண்டும். இதற்கென்று கடையில் விற்கும் ஃபுட் ரெஸ்ட் நல்லதுதான். வீட்டில் மூலையில் கிடக்கும் மணையை எடுத்து, இரண்டு செங்கல் மேல் ஆடாமல் வைத்தாலும் அதே வேலை நடக்கும். போன வருடம் ஒரு வங்கி ஊழியர் வந்திருந்தார். குட்டையான உருவம். வீட்டில் இருந்து வேலை பார்க்கும் மகளின் நாற்காலியில் தன் மாலை நேரக் கணக்கு வேலைகளைப் பார்ப்பவர். புது நாற்காலி வாங்கட்டுமா என்று கேட்டார். மணையைப் போடச் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரே நாற்காலியை வீட்டில் இரண்டு பேர் பகிர்கிறார்கள் என்றால் கணக்கு இன்னும் முக்கியம். கணவர் 178 செ.மீ. உயரம் என்றால் அவர் கால் உயரம் 44 செ.மீ.க்கு மேல். நாற்காலிகள் பெரும்பாலும் இவருக்குத்தான் பொருந்துகின்றன. வாங்குவதும் பெரும்பாலும் இவர்தான். கடையில் இவர் உட்கார்ந்து பார்த்து "சூப்பரா இருக்கு" என்று முடிவு செய்துவிடுகிறார். நாள் முழுக்க உட்காரப்போகிறவர் வீட்டில் இருக்கிறார். சட்டை வாங்கும்போது 38, 40, 42 என்று சைஸ் கேட்கிறோம். நாற்காலியில் மட்டும் எல்லா உடம்புக்கும் ஒரே அளவை ஏற்றுக்கொள்கிறோம்.

சைஸ் என்ற எண்ணமே நாற்காலி உலகத்தில் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1994இல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் ஏரான் என்ற நாற்காலியைக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர்கள் பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும். பஞ்சும் தோலும் இல்லாமல் வலை போன்ற துணியை மட்டும் இழுத்துக் கட்டிய நாற்காலி. அதற்கு முன்பு இவர்கள் முதியவர்கள் நீண்ட நேரம் உட்காருவதற்கான இருக்கையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பஞ்சில் சூடு தேங்குவதும், ஒரே இடத்தில் அழுத்தம் விழுவதும் தோலைப் புண்ணாக்குவதைப் பார்த்த பிறகு வந்த யோசனைதான் வலை. இன்று நம் ஊரில் ஐயாயிரம் ரூபாய் நாற்காலியிலும் முதுகில் வலைத்துணி இருப்பதற்கு மூலம் அதுதான். ஆனால் ஏரானில் எனக்குப் பிடித்த விஷயம் வலை அல்ல. அதை ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் செய்தார்கள். வலையை எல்லோரும் நகல் எடுத்தார்கள்; மூன்று அளவை எடுத்தவர்கள் குறைவு. நம்மூர் உடம்புக்கும் அளவுகள் எடுக்கப்படாமல் இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்தியர் உடல் அளவுகளைப் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறது. கால் உயரம், தொடை நீளம், முழங்கை உயரம் எல்லாம் அதில் உண்டு. அந்த அளவுகள் கடையில் நிற்கும் நாற்காலிக்குள் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

உயரத்துக்கு அடுத்து ஆழம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுவரோடு ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, பின்புறம் சுவரில் படும்படி உட்காருங்கள். சுவரில் இருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை தையல்காரர் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அதில் இருந்து மூன்று விரல் அகலம், அதாவது நான்கைந்து செ.மீ. கழித்தால் வருவதுதான் உங்கள் இருக்கையின் ஆழம். அளவு 44 வந்தால் உங்களுக்கு 40 செ.மீ. ஆழமுள்ள இருக்கை வேண்டும். கடையில் பல நாற்காலிகள் 47, 50 என்று இருக்கின்றன. ஆழமான இருக்கையில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தும். குத்தாமல் இருக்க முன்னால் நகர்ந்தால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது. இருக்கையை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி சில நாற்காலிகளில் உண்டு. சீட் ஸ்லைடர் என்று கேட்க வேண்டும். பட்ஜெட் இடித்தால் தலை சாய்க்கும் ஹெட் ரெஸ்ட்டை விட்டுவிட்டு இதற்குக் காசு கொடுங்கள் என்பேன்.

முதுகுக்குப் பிடிமானம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அது எதற்கு? நிற்கும்போது இடுப்புக்கு மேலே முதுகு உள்பக்கம் லேசாக வளைந்திருக்கும். கையை வைத்துப் பார்த்தால் அந்தக் குழிவு தெரியும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்பக்கம் உருளுகிறது. உள்வளைவு தட்டையாகிறது, கூன் போட்டால் வெளிப்பக்கமாகவே வளைந்துவிடுகிறது. எலும்புகளுக்கு நடுவே இருக்கும், எல்லோரும் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்கம் இழுபடுகிறது. பின்பக்கத்தில்தான் நரம்புகள் ஓடுகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிரோடு இருக்கும் மனிதர்களின் டிஸ்க்கிலேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்று வைத்தால், சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது 140, முன்னால் குனிந்து உட்காரும்போது 185 என்று அவருடைய கணக்கு காட்டியது. எங்கள் படிப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த படம் அது.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில் சிறிய அழுத்தமானியைப் பொருத்தி, அவர் நடக்க, உட்கார, தூங்க ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். இயல்பாக உட்காருவதும் நிற்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு அழுத்தம்தான் என்று வந்தது. நன்றாகப் பின்னால் சாய்ந்தபோது அழுத்தம் இன்னும் குறைந்தது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் பழைய பாடத்தை அது கேள்வி கேட்டது. நிமிர்ந்து தொண்ணூறு பாகையில் விறைப்பாக உட்காரு என்று பள்ளியில் இருந்து நமக்குச் சொல்லி வந்ததற்கு அறிவியலில் அவ்வளவு பலமான ஆதாரம் இல்லை. 100 முதல் 110 பாகை வரை பின்னால் சாய்ந்து, இடுப்புக் குழிவில் பிடிமானத்தோடு உட்காருவதுதான் பெரும்பாலான முதுகுகளுக்குச் சுகம். அந்தப் பிடிமானம் இருக்கையில் இருந்து 15 முதல் 25 செ.மீ. உயரத்துக்குள் வர வேண்டும். அதனால்தான் லம்பார் சப்போர்ட் என்று சொல்லும் இந்தப் பிடிமானத்தை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்று கேட்கச் சொல்கிறேன். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் மேடு, உயரமானவருக்குப் பொருந்தினால் குட்டையானவருக்கு விலாவில் இடிக்கும்.

சாய்வது என்றால் எப்படிச் சாய்கிறது என்பதிலும் வித்தியாசம் உண்டு. எங்கள் தெருவில் நாற்காலி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஸ்கூட்டரில் பையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர். என் நோயாளிகள் பலருக்கு அவருடைய நம்பரைத்தான் கொடுக்கிறேன். நாற்காலியின் உள்விவரங்களை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இருக்கைக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி தெரியும். மலிவான நாற்காலிகளில் அது சும்மா ஒரு தகடும் ஒரு ஸ்பிரிங்கும். சாய்ந்தால் இருக்கையும் முதுகும் சேர்ந்து ஒரே பலகையாகப் பின்னால் போகும். முன் விளிம்பு மேலே தூக்கும். கால் தரையை விட்டுவிடும். ஊஞ்சல் மாதிரி ஆடலாம், வேலை பார்க்க முடியாது. சிங்க்ரோ டில்ட் என்று சொல்லும் வகையில் முதுகு இரண்டு பாகை சாய்ந்தால் இருக்கை ஒரு பாகைதான் சாயும். கால் ஊன்றியபடியே இருக்கும், இடுப்பு மட்டும் விரிந்து கொடுக்கும். கடையில் உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்து பாருங்கள். குதிகால் எழும்பினால் முதல் வகை.

அடியில் பெரிய திருகு ஒன்று இருக்கும். பலர் வாங்கியதில் இருந்து அதைத் தொட்டதே இல்லை. சாய்வின் இறுக்கத்தை உங்கள் எடைக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது அதுதான். 50 கிலோ எடை உள்ளவருக்கு நாற்காலி சாயவே மறுக்கிறது, 90 கிலோ உள்ளவரைப் பொத்தென்று பின்னால் தள்ளுகிறது என்றால் காரணம் அந்தத் திருகு. உங்களை ஏந்திக்கொண்டு, லேசாகத் தள்ளினால் போகிற, விட்டால் திரும்புகிற அளவுக்கு அதைத் திருப்பி வையுங்கள்.

இப்போது கேமிங் சேர். வாரம் ஒரு பெற்றோராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். சமீபத்தில் ஒரு அப்பா, பதினோராம் வகுப்புப் பையனைக் கழுத்து வலிக்கு அழைத்து வந்தார்.

"கேமிங் சேர் வாங்கிக் கொடுத்தா சரியாயிடும்னு சொல்றான் மேடம். பதினெட்டாயிரம் சொல்றாங்க."

"நீ என்ன விளையாடுவ தம்பி?"

"பி.ஜி.எம்.ஐ. ஆன்ட்டி."

"பி.சி.யிலயா?"

"இல்ல ஆன்ட்டி, மொபைல்ல."

மொபைலை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டேன். பையன் உட்கார்ந்து காட்டினான். மடியில் இரண்டு கையும், தலை கீழே தொங்கிக்கொண்டு. மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. அதைக் கழுத்தின் பின்தசைகள் மணிக்கணக்கில் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பதினெட்டாயிரம் ரூபாய் நாற்காலியில் உட்கார்ந்தாலும் மொபைல் மடியில்தான் இருக்கும். பின்னால் நன்றாகச் சாயச் சொல்லி, மடியில் கனமான தலையணை ஒன்றை வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றச் சொன்னேன். மொபைல் தானாக முகத்துக்கு நேரே உயர்ந்தது. "இதுல எய்ம் நல்லா நிக்குது ஆன்ட்டி" என்றான். அப்பாவுக்குப் பதினெட்டாயிரம் மிச்சம்.

பி.சி.யில் கீபோர்டும் மௌஸும் வைத்து விளையாடும் பிள்ளைகளுக்கு நல்ல நாற்காலி உண்மையிலேயே தேவை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவரைவிட அவர்கள் அசையாமல் உட்காருகிறார்கள். ஆனால் அது பந்தயக் கார் வடிவத்தில் இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. டி.எக்ஸ்.ரேசர் என்ற நிறுவனம் முதலில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இருக்கை செய்துகொண்டிருந்தது. 2006இல் அதே இருக்கை வடிவத்துக்குச் சக்கரம் வைத்து விளையாடுபவர்களுக்கு விற்கத் தொடங்கியது. அங்கிருந்துதான் இந்த வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. காரில் இருக்கையின் இருபுறமும் மேடான இறக்கைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. வேகமாகத் திரும்பும்போது உடம்பு பக்கவாட்டில் சரியாமல் அவை பிடித்துக்கொள்கின்றன. வீட்டு அறையில் யாரும் வளைவில் திரும்புவதில்லை. அந்த இறக்கைகள் தோளை முன்பக்கமாக மடக்குகின்றன, அகலமான தொடை உள்ளவர்களை இருபுறமும் அழுத்துகின்றன. நமக்குச் சம்மணம் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காராமல் இருக்க முடியாது. அதற்கும் இடம் தருவதில்லை.

ஒரு கேமிங் சேரின் இருக்கை உள்ளிறங்கிவிட்டது என்று அந்தப் பழுது அண்ணனை அழைத்தபோது, பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேலுறையின் ஜிப்பைப் பிரித்தார். உள்ளே வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டம். அதற்குக் குறுக்கே நான்கைந்து எலாஸ்டிக் பட்டைகள். பட்டைகளின் மேல் பஞ்சு. பட்டைகள் தொய்ந்துபோயிருந்தன, விரலால் இழுத்தால் திரும்பவே இல்லை. பஞ்சை அழுத்திக் காட்டினார். நடுவில் விரல் அடிவரை போய்த் தட்டியது. துண்டுகளாக வெட்டி ஒட்டிய பஞ்சு அது. நல்ல நாற்காலிகளில் அச்சில் ஊற்றி ஒரே துண்டாக வார்த்த பஞ்சு இருக்கும். கையில் எடுத்தாலே கனம் தெரியும். கன மீட்டருக்கு 50 கிலோ அடர்த்தி என்று போட்டிருந்தால் நல்லது. "மேல பளபளன்னு இருக்கும்மா, உள்ள பார்த்தாதான் சரக்கு தெரியும்" என்றார்.

மேலுறையைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. தோல் போல இருக்கும் அந்தச் செயற்கை உறை பாலியுரேத்தேன். காற்றின் ஈரமும் வெப்பமும் வியர்வையும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளை மெல்ல உடைக்கின்றன. சென்னை போன்ற கடலோர ஊரில் இரண்டு மூன்று வருடத்தில் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். உரிந்த துகள் வீடு முழுக்கப் பறக்கும், வியர்த்த முதுகில் ஒட்டும். ஏ.சி. எப்போதும் ஓடும் அறைக்கு வேறு கணக்கு. ஃபேன் ஓடும் அறைக்கு வலைத்துணி அல்லது சாதாரணத் துணி உறைதான். சிவப்பு கருப்புக் கோடு வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், துணி உறை போட்ட, இறக்கை தட்டையான, முதுகிலேயே நகரும் லம்பார் உள்ள மாடல் தேடுங்கள். பட்டையில் தொங்கும் தலையணை லம்பார் ஆகாது. ஒரு வாரத்தில் அது இடுப்பை விட்டு எங்கோ போய்விடும்.

கைப்பிடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலும் கீழும் நகர வேண்டும். முழுக்க இறக்கினால் மேஜைக்கு அடியில் போக வேண்டும். போகாவிட்டால் நாற்காலி மேஜையில் இடித்து நிற்கும், நீங்கள் எட்டிக் குனிந்து வேலை பார்ப்பீர்கள். மௌஸ் பிடித்து விளையாடுபவர்களுக்கும், கையில் கன்ட்ரோலர் பிடிப்பவர்களுக்கும் கைப்பிடி உள்பக்கமாகத் திரும்பினால் நல்லது. மற்றவர்களுக்கு அது அவசியமில்லை.

சக்கரத்தைப் பார்க்க மறக்காதீர்கள். நாற்காலியோடு வரும் கடினமான நைலான் சக்கரம் கம்பளத் தரைக்கு. நம் டைல்ஸிலும் கிரானைட்டிலும் அது வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடாமல் இருக்க நம்மை அறியாமல் காலால் தரையைப் பிடித்துக்கொண்டே இருப்போம். அதுவும் ஒரு வேலை. ரப்பர் போல மிருதுவான ஓரம் வைத்த சக்கரம் தனியாகக் கிடைக்கிறது. பழைய சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும், புதியதை அழுத்தினால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்குரூ கிடையாது.

நாற்காலியைத் தூக்கி இறக்கும் கேஸ் லிஃப்ட் குழாய்க்குள் நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மெதுவாக இறங்குகிறது என்றால் வாயு கசிகிறது. அதற்காக நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டாம். குழாயை மட்டும் மாற்றலாம், ஆயிரம் ரூபாய் முன்பின் ஆகும். மேலும் கீழும் குறுகலான முனைகள் இறுகித்தான் அது நிற்கிறது என்பதால் சுத்தியலால் தட்டி எடுப்பார்கள். அந்தக் குழாயை நீங்களே உடைக்கவோ துளையிடவோ முயலக் கூடாது. வாங்கும்போது கிளாஸ் 4 குழாயா என்று கேளுங்கள். அமெரிக்க அலுவலகச் சாமான் தயாரிப்பாளர் சங்கமான பிஃப்மாவின் எக்ஸ்5.1 சோதனையில் தேறியது என்றோ, நம் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 17631 முத்திரை இருக்கிறது என்றோ சொன்னால் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இவை நாற்காலி உடையாமல், கவிழாமல் தாங்குமா என்பதற்கான உறுதி. உங்கள் உடம்புக்குப் பொருந்துமா என்பதற்கு முத்திரை கிடையாது. அதற்கு உங்கள் டேப்தான்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்பார்கள். நாலாயிரம், ஐயாயிரத்துக்குக் கிடைப்பதில் உயரம் மட்டும் மாறும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அது போதும். நாள் முழுக்க உட்காருபவர்களுக்கு, நகரும் லம்பார், உயரம் மாறும் கைப்பிடி, சிங்க்ரோ டில்ட் மூன்றும் சேர்ந்து பத்தில் இருந்து பதினைந்தாயிரத்துக்குள் இப்போது கிடைக்கின்றன. அதற்கு மேல் கொடுப்பது உழைப்புக்கும் வாரண்டிக்கும். என் சொந்தக் கருத்து, இருபதாயிரத்துக்குப் புதிது வாங்குவதைவிட, அலுவலகங்கள் காலி செய்யும்போது விற்கும் பழைய நாற்காலிகளில் நல்லதைத் தேடுவது மேல். முப்பது, நாற்பதாயிரம் மதிப்புள்ளவை கால் பங்கு விலைக்கு வருகின்றன. கவிழ்த்துப் பாருங்கள். ஐந்து கால் சட்டத்தில் விரிசல் இருக்கக் கூடாது, முதுகைத் தாங்கும் தகட்டின் வெல்டிங்கில் பிளவு இருக்கக் கூடாது. பஞ்சையும் சக்கரத்தையும் குழாயையும் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் போனால் எல்லாம் போனது.

லேப்டாப்பில் வேலை என்றால் இன்னொன்றும் வாங்க வேண்டும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்குச் சரியான உயரத்தில் வைத்தால் தோள் தூக்குகிறது. தனிக் கீபோர்டும் மௌஸும் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றி வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலிக்குப் பதினைந்தாயிரம் ஒதுக்கிவிட்டு, கீபோர்டு, மௌஸுக்கான ஆயிரத்தை மிச்சம் பிடிப்பவர்களின் கழுத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். டிஸ்க்குக்குள் நேரடியாக ரத்தக் குழாய் போவதில்லை. அழுத்தம் ஏறி இறங்கும்போது நீர் உள்ளேயும் வெளியேயும் போய் வருவதில்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. உல்ம் நகரில் அளந்தபோதும், அந்த மனிதர் இரவு தூங்கி எழுவதற்குள் டிஸ்க்கின் உள்ளழுத்தம் இரட்டிப்புக்கு மேல் உயர்ந்திருந்தது. பகலில் வெளியேறிய நீரை அது படுத்திருக்கும்போது மீண்டும் உறிஞ்சிக்கொண்டது. போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். சாப்பாட்டுக்குத் தரையில் உட்காருங்கள், முட்டி ஒத்துழைத்தால். விளையாடும் பிள்ளைகள் ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.

வலி பிட்டத்தில் இருந்து காலுக்குக் கீழே மின்சாரம் போல இறங்கினால், பாதம் மரத்தால், கட்டைவிரலைத் தூக்க முடியாவிட்டால் நாற்காலிக் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்தால் அன்றே மருத்துவமனைக்கு.

மற்றவர்கள், இந்த வார இறுதியில் ஒரு டேப்பை எடுத்து மூன்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: முழங்கால் மடிப்பில் இருந்து தரை வரை, சுவரில் இருந்து முழங்கால் மடிப்பு வரை, உங்கள் மேஜையின் உயரம். நாற்காலியில் உட்காரப்போகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இருபது நிமிடமாவது உட்காரட்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆன்லைனில் வாங்கினால், இருக்கையின் குறைந்தபட்ச உயரமும் ஆழமும் போடாத மாடலை விட்டுவிடுங்கள். வந்த நாற்காலியில் ஒரு வாரம் முழு வேலை நேரமும் உட்கார்ந்து பார்க்கும்வரை அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். திருப்பி எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெட்டியோடுதான் கேட்கிறார்கள்.